ஸ்ப்ரே டேன்: அவசரத்தில் வரும் ஆரஞ்சு நிறம்

வெயிலில் காயாமலே தோல் பழுப்பாகக் கரைசலைத் தெளிப்பதுதான் ஸ்ப்ரே டேன். புதிதாக ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் எடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் தொழிலில் எல்லாரும் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துதான் மறுபடி நடக்கிறது. வெள்ளைத் துணி போடாதே, வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு வராதே என்பதெல்லாம் எந்த டப்பாவின் பின்பக்கத்திலும் இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணில் படும் நிறத்தை நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

அடித்தவுடன் உடம்பில் தெரிகிற பழுப்பு பெரும்பாலும் பிரான்சர், அதாவது வெறும் சாயம். எங்கே பட்டது, எங்கே விட்டுப்போனது என்று அடிப்பவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகக் கலப்பது. முதல் குளியலோடு போய்விடும். அசல் வேலையைச் செய்வது டிஎச்ஏ எனப்படும் டைஹைட்ராக்ஸிஅசிட்டோன். சர்க்கரை வகையைச் சேர்ந்த இதற்குத் தனியாக நிறம் கிடையாது. தோலின் மேலடுக்கிலுள்ள இறந்த செல்களின் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்த பிறகுதான் பழுப்பாகும். அது தெரியத் தொடங்கவே 2 முதல் 4 மணி நேரம் ஆகும். முழுதாக ஏற 8 முதல் 24 மணி நேரம். மருதாணியைக் கழுவியவுடன் பார்த்து, சிவக்கவில்லை என்று யாராவது முடிவுகட்டுவார்களா?

ஒரு வாடிக்கையாளர். மறுநாள் போட்டோ எடுக்க வேண்டும். குளிக்கும்போது தரையில் பழுப்புத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாம் போச்சு!" என்று போன் செய்தார். "போனால் போகட்டும், காலையில் பாருங்கள்" என்றேன். கேட்டால்தானே! வீட்டிலிருந்த டேன் மூஸை, அதாவது நுரையாக வரும் டேன் பூச்சை எடுத்து மேலே இன்னொரு பூச்சு பூசிவிட்டார். காலையில் முழங்கை மடிப்பு, கணுக்கால், விரல் இடுக்கு எல்லாம் பளிச்சென்ற ஆரஞ்சு. எண்ணெய் தடவி ஊறவைத்து, வெந்நீர் ஊற்றி, ஸ்க்ரப் கையுறையால் தேய்த்துப் பார்த்தோம். பாதி வந்தது, மீதி திட்டுத் திட்டாக நின்றது. நிறம் ஏறிய செல் உதிர்ந்தால்தான் கறை முழுதாகப் போகும். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் பிடிக்கும். போட்டோ காத்திருக்குமா?

தோலுக்கு ஒத்துவரும் அளவைத் தாண்டி டிஎச்ஏ ஏறினால் நிறம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிடும். எடுத்த எடுப்பில் 14 சதவீதக் கரைசல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதும் இதே அவசரம்தான். வெளிர்ந்த தோலுக்கு 8 சதவீதமே தாராளம். போதவில்லை என்றால் அடுத்த முறை கூட்டிக்கொள்ளலாம்.

எண்ணெய் கலந்த ஸ்க்ரப்

தோலில் படலம் தங்கிவிடும், அதன் மேல் டேன் பிடிக்காது. எண்ணெய் கலக்காத ஸ்க்ரப்பால் தேய்க்கவும். ஷேவிங்கும் அப்போதே, முந்தைய நாளில்.

வறண்ட இடங்களை மறப்பது

முழங்கால், முழங்கை, கணுக்கால் மூன்றும் கரைசலை உறிஞ்சித் தள்ளும். அங்கே மட்டும் மாய்ஸ்சரைசரை மெல்லிசாகத் தடவுங்கள். கையைக் கடைசியில் அடிக்க வேண்டும், அதுவும் தூரத்திலிருந்து ஒரே ஒரு வீச்சு. விரல்களை அகட்டி லேசாக மடக்கிக்கொண்டால் மூட்டுச் சுருக்கங்களில் வெள்ளைக்கோடு விழாது. உள்ளங்கையையும் நகத்தையும் உடனே துடைத்துவிடுங்கள்.

மூச்சு

வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பவர்கள் கவனிக்கவும். அமெரிக்காவின் எஃப்டிஏ டிஎச்ஏவை அனுமதித்திருப்பது தோலின் மேல் பூச மட்டும்தான். மூச்சில் இழுக்கவோ, கண்ணிலும் உதட்டிலும் படவோ அல்ல. மூக்குக்கு ஃபில்டர், கண்ணுக்குக் கண்ணாடி, உதட்டுக்கு லிப் பாம். காற்று போக வழி வேண்டும். சலூனில் இவற்றைத் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். முறைத்தால் வேறு சலூன்.

டேன் இருக்கும்போது சன்ஸ்கிரீன் எதற்கு?

கட்டாயம் வேண்டும்.

விசேஷத்துக்கு முதல் நாள் முதல் முயற்சி

வேண்டாம்.

முதல் குளியலில் சோப்பு

கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும், பழுப்பு ஓடி முடிகிற வரை. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.