புதுப் பூச்சில் பட்டி பார்க்கும்போது குமிழ் கிளம்பாமல் இருக்க

புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவரில் முதல்முறை பட்டி (பெயிண்ட் அடிக்கும் முன் சுவரை வழவழப்பாக்க இழுக்கும் மெல்லிய பூச்சு, வால் புட்டி) பார்க்கிறவர்களுக்கு இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று, பட்டியை இழுக்கும்போதே காய்ந்து, பிளேடோடு சுருண்டு வந்துவிடும். இன்னொன்று, அழகாக இழுத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் கடுகளவு குமிழ்கள் கிளம்பியிருக்கும், காய்ந்தபின் தேய்த்தால் அத்தனையும் ஊசித்துளைகளாக நிற்கும். உடனே மூட்டையைத்தான் குறை சொல்வோம். பெரும்பாலும் பட்டியில் குறை இருக்காது, சுவரைத் தயார் செய்த விதத்தில்தான் இருக்கும்.

சிமெண்ட் பூச்சு முழுக்க நுண்ணிய துளைகள். காய்ந்த சுவரில் அந்தத் துளைகளில் காற்று நிறைந்திருக்கும். ஈரப் பட்டியை வைத்ததும் துளைகள் அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சுகின்றன, தண்ணீர் உள்ளே போகப் போக அங்கிருந்த காற்று வெளியே வந்துதானே ஆக வேண்டும், அது பட்டியைத் தள்ளிக்கொண்டு வருவதுதான் குமிழ். அதே நேரத்தில், வெள்ளை சிமெண்ட் பட்டி இறுகுவதற்குத் தேவையான தண்ணீரையும் சுவர் குடித்துவிடுவதால் பட்டி சரியாக இறுகாமல், பின்னாளில் தொட்டால் மாவாகக் கையில் ஒட்டும். ஆக, இரண்டு தொல்லைக்கும் மூலம் ஒன்றுதான்.

இங்கே சொல்வதெல்லாம் தூளாக வரும் வெள்ளை சிமெண்ட் பட்டிக்கு. டப்பாவில் பசையாக வரும் அக்ரிலிக் பட்டிக்குச் சுவரை நனைக்கக் கூடாது, அது காய்ந்த சுவரில் பிரைமர் (பிடிப்புக்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்துச் செய்யும் வேலை.

முதலில், பூச்சுக்கு அவகாசம் கொடுங்கள். குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றி க்யூரிங் செய்து, அப்புறம் காயவிட வேண்டும். பூசி 28 நாள் ஆகிவிட்டால் நிம்மதி, வர வேண்டிய வெடிப்பில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். உப்பு பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தேய்த்து உதறுங்கள், தண்ணீரால் கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளே போகும்.

அடுத்து, பிளேடால் சுவர் முழுக்கச் சுரண்டி உதிரும் மணலை எடுத்துவிட்டு, மேலிருந்து கீழாகத் தூசி தட்டுங்கள். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பூச்சில் மெல்லிய பொடி நிறையவே இருக்கும். பொடி மேல் வைத்த பட்டி சுவரைப் பிடிக்காது.

இப்போது சுவரைச் சோதியுங்கள். பிரஷைத் தண்ணீரில் முக்கி ஓர் இடத்தில் தடவிப் பாருங்கள். தடவியதும் ஈரம் மறைந்தால் உறிஞ்சல் அதிகம். சில நிமிடம் கருத்து நின்று மெல்ல வெளுத்தால் நல்ல சுவர். தாமரை இலைத் தண்ணீராக வழிந்து ஓடினால் உறிஞ்சலே இல்லை, வழவழப்பான கான்கிரீட் தூண், பீம், கூரைத்தளங்களில் இப்படி இருக்கும். ஒரே அறையில் மூன்றும் இருக்கலாம் என்பதால் நாலைந்து இடத்தில் பார்த்துவிடுங்கள்.

நனைப்பதில்தான் முக்கால்வாசி வேலை அடங்கியிருக்கிறது. அதிகம் உறிஞ்சும் சுவரை ஒருமுறை நனைத்து, 10–15 நிமிடம் விட்டு, மறுபடி நனையுங்கள். உடனே பட்டி வைக்காதீர்கள். மேலே பளபளக்கும் தண்ணீர்ப் படலம் போகட்டும். சுவர் கருத்திருக்க வேண்டும், உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். தண்ணீர் மினுமினுக்கும்போதே வைத்தால் துளைகள் நிரம்பிக் கிடப்பதால் பட்டிக்குப் பிடிப்பே கிடைக்காமல் வழுக்கும். பழக்கம் வரும்வரை ஒரு நேரத்தில் நாலடிக்கு நாலடி நனைத்தால் போதும், சுவர் முழுக்க நனைத்துவிட்டு ஒரு மூலையில் ஆரம்பித்தால் மறுமூலைக்குப் போகும்முன் காய்ந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரை, வைகாசியில் மேற்குச் சுவரை மதியத்துக்கு மேல் தொடவே வேண்டாம், காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கலக்கும்போது நுழையும் காற்றும் குமிழாகும். தண்ணீரை முதலில் ஊற்றி, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் 360–400 மில்லி பிடிக்கும், மூட்டையில் போட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள். டிரில்லில் மிக்சர் கம்பி மாட்டினால் மெதுவான வேகத்திலேயே ஓட்டுங்கள், வேகமாகச் சுற்றினால் நுரைத்துவிடும். 5–10 நிமிடம் ஊறவிட்டுக் கையால் ஒருமுறை கிளறினால் காற்று வெளியேறும். உப்புத் தண்ணீர் வேண்டாம். இறுக ஆரம்பித்த பட்டியில் தண்ணீர் விட்டு இளக்கவும் கூடாது, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

முதல் கோட் அழகுக்கானதல்ல, துளையை அடைப்பதற்கானது. பிளேடைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, அழுத்தி, கீழிருந்து மேலாக இழுங்கள். அடியிலுள்ள மணல் மணியாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் சரி. கான்கிரீட் பரப்பிலும் இதே முறைதான், இன்னும் மெல்லியதாக, ஏனென்றால் அங்கே கனமாக வைத்தால் பட்டிக்குள் இருக்கும் காற்று போக வழியில்லாமல் அப்படியே நின்றுவிடும். இதை இரவு முழுக்கக் காயவிடுங்கள்.

மறுநாள் இரண்டாவது கோட். மறுபடி ஈரப் பிரஷால் சோதித்து, தேவைப்பட்டால் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். பிளேடை இந்த முறை சாய்த்துப் பிடித்து இழுங்கள். இரண்டு கோட்டும் சேர்ந்து 1.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. குமிழ் தெரிந்தால் பதறி அங்கேயே பத்து முறை தேய்க்காதீர்கள், தேய்க்கத் தேய்க்க இன்னும் கிளம்பும். பட்டியின் மேல் மினுமினுப்பு போய் மங்கும்வரை காத்திருங்கள். விரல் வைத்தால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்த நேரத்தில் துடைத்த சுத்தமான பிளேடால் ஒரே திசையில் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தால் குமிழ் உடைந்து மூடிவிடும். அதையும் தாண்டிவிட்டால் பட்டி கிழியும், அப்போது விட்டுவிடுங்கள்.

காய்ந்தபின் ஊசித்துளை தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் அழுத்தி மெல்லிசாக ஓர் இழுப்பு போதும். ஆனால் நாணயம் அளவுக்கு உப்பி, விரலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வந்தால் அதன்மேல் பூசி மறைக்காதீர்கள். அங்கே பட்டி சுவரை விட்டுவிட்டது. வெட்டி எடுத்து, தூசி தட்டி, நனைத்து, முதல் கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் உப்புத்தாள் போடும்போது மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், ஒரு சின்ன அறை தேய்ப்பதாக இருந்தாலும் கட்டத்தான் வேண்டும்.