போத்தல் மழைமானியும் தோட்டத்து மழைப்புத்தகமும்: வானிலையையும் காலநிலையையும் வகுப்பில் கற்பிக்கும் முறை

தரம் 6 முதல் 9 வரையான மாணவர்களிடம் வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால், பெரும்பாலானோர் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி ஒப்புவிப்பார்கள். அடுத்ததாக, "மழைக்காலமான ஜூலை மாதத்தில் ஒரு கிழமை முழுவதும் வெயில் எறித்தால், வட்டவளையின் காலநிலை மாறிவிட்டது என்று சொல்லலாமா?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். வரைவிலக்கணத்தை இன்னொரு முறை எழுதச் சொல்வதால் இந்தக் குழப்பம் தீர்வதில்லை. மாணவர்கள் தாமே அளந்த ஓர் எண்ணையும், அதே இடத்தில் முப்பது ஆண்டுகளாக அளக்கப்பட்ட எண்களின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அது தீர்கிறது. மலையகப் பாடசாலைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாடசாலைக்கு அருகிலேயே ஒரு தேயிலைத் தோட்டமும், அத்தோட்டத்தின் அலுவலகத்தில் பெரும்பாலும் மழையளவை எழுதிவரும் ஒரு மழைப்புத்தகமும் இருக்கும்.

கீழேயுள்ள ஒழுங்கு நான் வகுப்பில் நடத்திப் பார்த்து, தேவையற்றதைக் கழித்து நிலைப்படுத்திய ஒழுங்காகும். வெப்பமானியை வாசிப்பது, நிரல் வரைபு கீறுவது போன்றவற்றை இங்கே விளக்கவில்லை.

படி 1: பதிவேட்டைத் தொடங்குதல்

ஒரு பெரிய கொப்பியில் திகதி, வெப்பநிலை, மழைவீழ்ச்சி, காற்று வரும் திசை, மூடுபனி என நிரல்களை இடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் 24 மணித்தியால மழைவீழ்ச்சியைக் காலை 8.30 மணிக்கு அளப்பதால் நீங்களும் அந்த நேரத்தையே வைத்துக்கொள்வது நல்லது. பாடசாலை 7.30 மணிக்குத் தொடங்குவதால் இது இரண்டாம் பாடவேளைக்குள் வருகிறது; இரண்டு மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் அளந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பலாம்.

மூடுபனி நிரல் பாடநூல் அட்டவணைகளில் காணப்படுவதில்லை. ஆயினும் ஹட்டனிலோ ஹப்புத்தளையிலோ அது இல்லாத பதிவேடு அரைகுறையானது. இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பாடசாலை வாயில், தேயிலைத் தொழிற்சாலை, எதிர்மலை என வெவ்வேறு தூரத்திலுள்ள மூன்று அடையாளங்களைத் தெரிவுசெய்து, அன்று எதுவரை கண்ணுக்குத் தெரிந்தது என்பதை எழுதினால் போதும். நிலத்தைத் தொடும் முகிலே மூடுபனி என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

படி 2: மழைமானி

இப்படியில் சற்று நின்று நிதானமாகச் செல்ல வேண்டும். 1.5 லீற்றர் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, அடிப்பகுதிக்குள் புனலாகச் செருகி, வெளியே ஓர் அடிமட்டத்தை ஒட்டும் முறை எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த அடிமட்டத்தை நான் பரிந்துரைப்பதில்லை. போத்தலின் அடி சமதளமாக இருப்பதில்லை. பக்கங்களில் வரிப்பள்ளங்கள் இருக்கும். சில போத்தல்களுக்கு இடையே ஒடுக்கமும் உண்டு. நீரின் உயரத்தை நேரடியாக வாசிக்காமல், சேர்ந்த நீரை அளவுச்சாடியில் ஊற்றிக் கனவளவை அளந்து, அதிலிருந்து மழைவீழ்ச்சியைக் கணிப்பதே நம்பத்தக்க வழியாகும். அளவுச்சாடி இல்லையெனில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு போதுமானது.

மாணவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். மழையை ஏன் நீள அலகான மில்லிமீற்றரில் சொல்கிறோம் என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. விழுந்த நீர் ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் நிலத்தில் அப்படியே நின்றால் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்பதே மழைவீழ்ச்சி என்று முதலில் கூறுங்கள். ஒரு சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீர் சரியாக 1 லீற்றர். அதன் பின்னர் ஒரு மழைநாளில் ஜாம் போத்தல், வெட்டிய தண்ணீர்ப் போத்தல், வாளி ஆகிய மூன்றையும் வெட்டவெளியில் அருகருகே வைக்கச் சொல்லுங்கள். வாளியில்தான் கூடுதலான நீர் இருக்கும். ஆகவே வாளிக்குத்தான் அதிக மழை பெய்தது என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் சேர்ந்த நீரின் கனவளவை அதனதன் வாயின் பரப்பளவால் வகுத்ததும் மூன்று விடைகளும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். வாளிக்குள் அடிமட்டத்தை நிறுத்தி வாசித்தால் உண்மையிலும் கூடிய எண் வரும், ஏனெனில் வாளியின் வாய் அகன்றது, அடி ஒடுங்கியது. இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள்.

தரம் 6 மாணவர்களுக்கு வட்டத்தின் பரப்பளவைக் காணும் சூத்திரம் தெரியாது. புனலின் வாயை வரைபுத்தாளில் கவிழ்த்துப் பென்சிலால் சுற்றிக் கீறி, உள்ளேயுள்ள சதுர சென்ரிமீற்றர்களை எண்ணச் சொல்லுங்கள். பாதியும் பாதிக்கு மேலும் உள்ளவற்றை ஒன்றாகக் கொண்டு, மற்றவற்றை விட்டுவிடலாம். வாயின் விட்டம் 9 சென்ரிமீற்றர் எனில் பரப்பளவு ஏறத்தாழ 64 சதுர சென்ரிமீற்றர் ஆகும். அப்படியாயின் 1 மில்லிமீற்றர் மழைக்கு 6.4 மில்லிலீற்றர் நீர் சேரும். காலையில் 140 மில்லிலீற்றர் நீர் இருந்தால் அதை 6.4 ஆல் வகுக்க, மழைவீழ்ச்சி ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் என்று வரும். இந்த 6.4 என்ற எண்ணைப் பதிவேட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புனலை மாற்றினால் இந்த எண்ணும் மாறும்.

கனவளவு முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கங்களில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது புதுமையன்று. செருகிய புனலின் கீழே உள்ள சிறிய இடம் அதற்குள் நிரம்பிவிடும். நீரின் கனவளவை மட்டும் அளப்பதால் எந்தக் கலனையும் பயன்படுத்தலாம் என்பதனால், அதே புனலை 5 லீற்றர் தண்ணீர்க் கலனில் பொருத்தி, இணைப்பை நன்றாக ஒட்டிவிடுங்கள்.

மழைமானியை வைக்கும் இடம், அருகிலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப் போல இரு மடங்கு தூரத்திலாவது இருக்க வேண்டும். மலையை வெட்டிச் சமப்படுத்திய மைதானங்களில் மண்வெட்டுச் சுவரை மறந்துவிடுகிறோம். அதுவும் ஒரு தடையே. நிலத்தில் விழும் துளிகள் உள்ளே தெறிக்காதபடி விளிம்பு 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரத்தில் இருக்கட்டும். காற்றிலும் குரங்குகளாலும் கவிழாமல் ஒரு கம்பில் கட்டிவிடுங்கள்.

படி 3: வெப்பநிலை

கண்ணாடியால் ஆன பாதரச உயர்வு இழிவு வெப்பமானியைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம். அதிகூடிய, அதிகுறைந்த பெறுமானங்களை நினைவில் வைக்கும் சிறிய மின்னணு வெப்பமானியே என் தெரிவு. தகரக் கூரைக்கு அடியிலோ வெயில்படும் சுவரிலோ தொங்கவிடாமல், காற்றோட்டமுள்ள நிழலில் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் வையுங்கள். ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதனால், ஜனவரியில் நிழலாக இருந்த வடக்குச் சுவர் ஜூனில் நிழலாக இராது.

கைபேசிச் செயலியில் தெரியும் வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுத அனுமதிக்காதீர்கள். அது கணினி மாதிரி ஒரு பரந்த சதுரத்துக்குக் கணித்த எண். பள்ளத்தாக்கும் மலைமுடியும் ஒரே சதுரத்துக்குள் அடங்கும் நம் பிரதேசத்தில் அது பாடசாலை முற்றத்துக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

நுவரெலியாப் பக்கத்துப் பாடசாலைகளில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் ஒரு கேள்வி எழும்: வெப்பமானி 3 பாகை செல்சியஸ் காட்டும்போது புல்லில் எப்படி உறைபனி வந்தது? தெளிந்த இரவில் நிலமும் புல்லும் தம் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, மேலேயுள்ள வளியைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. வெப்பமானி காட்டுவது ஒன்றரை மீற்றர் உயரத்து வளியின் வெப்பநிலையை மட்டுமே.

படி 4: மழைப்புத்தகம்

ஓரிரு மாதப் பதிவுகள் சேர்ந்ததும் அதிபரின் கடிதத்துடன் தோட்ட அலுவலகத்தை அணுகி, பழைய மழைப் பதிவுகளைப் பிரதிசெய்ய அனுமதி கேளுங்கள். பழைய பதிவுகள் அங்குலத்தில் இருக்கும், 25.4 ஆல் பெருக்கினால் மில்லிமீற்றராகும். உலக வளிமண்டலவியல் அமைப்பு காலநிலைச் சராசரிக்கு முப்பது ஆண்டுகளை அடிப்படையாகக் கொள்கிறது. இப்போது நடைமுறையிலுள்ள காலப்பகுதி 1991 முதல் 2020 வரையாகும். வகுப்பைப் பன்னிரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மாதத்தைக் கொடுங்கள். ஜூலைக் குழு முப்பது ஜூலைகளின் கூட்டுத்தொகையை முப்பதால் வகுக்கும். அவற்றுள் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் குறித்துக்கொள்ளும்.

சராசரி மட்டும் போதாது. அந்த முப்பது ஜூலைகளுக்கு இடையிலும் எவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதைப் பார்க்கும்போதுதான், வெயில் எறித்த ஒரு கிழமையை வைத்துக் காலநிலையைப் பற்றி முடிவுசெய்ய முடியாது என்பது அவர்களுக்கு விளங்கும். பன்னிரண்டு சராசரிகளையும் சுவரில் நிரல் வரைபாக ஒட்டி, இந்த ஆண்டு வகுப்பு அளந்த மாதங்களை வேறு நிறத்தில் அருகில் கீறுங்கள். ஒரு நிறம் காலநிலை, மற்ற நிறம் வானிலை.

படி 5: மலையின் மறுபக்கம்

முடிந்தால் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ள ஒரு பாடசாலையும் கிழக்குப் பக்கத்து ஊவாவிலுள்ள ஒரு பாடசாலையும் தம் வரைபுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையைக் கொட்டுகிறது. மலையைக் கடந்து கீழிறங்கும் காற்று ஈரம் குறைந்து வெப்பமடைவதால் வெலிமடை, பதுளைப் பக்கங்கள் அக்காலத்தில் வறண்டிருக்கும். இன்னும் கிழக்கே மட்டக்களப்பில் இக்காற்றைக் கச்சான் என்பார்கள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றின்போது இந்நிலை எதிர்மாறாகிறது. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கப்பாதையில் மழையோடு நுழைந்து வெயிலில் வெளிவந்த மாணவர் வகுப்பில் ஒருவராவது இருப்பார், அவரைப் பேசவிடுங்கள்.

தேயிலையும் இதையே சொல்கிறது. ஊவாத் தேயிலையின் தரப் பருவம், அதாவது சுவையும் மணமும் சிறந்த தேயிலை கிடைக்கும் காலம், ஜூலை முதல் செப்டெம்பர் வரை. மேற்குச் சரிவிலுள்ள திம்புள்ளப் பிரதேசத்தின் தரப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. இரண்டும் அந்தந்தச் சரிவின் வறண்ட காற்றுக் காலங்களே. மழை கூடினாலும் வறட்சி நீண்டாலும் கொழுந்தின் கிலோ குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழும் என்பதை வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, இப்பாடம் புத்தகத்தில் தொடங்குவதில்லை.

வெப்பநிலைக்கும் ஒரு கணக்குக் கொடுக்கலாம். தாழ்நிலக் கரையோரத்தின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 27 பாகை. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 16 பாகை. ஆயிரம் மீற்றருக்கு எவ்வளவு குறைகிறது என்று கேட்டால், ஆறு பாகைக்குச் சற்றுக் குறைவான விடை வரும்.

பிற்சேர்க்கைகள்

இதை வாசித்த ஆசிரியர்கள் எழுப்பிய கேள்விகளால் பின்வருவனவற்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

திங்கள் மாலை பெய்து செவ்வாய் காலை 8.30க்கு அளந்த மழை எந்த நாளுக்குரியது? வாசித்த திகதியில் எழுதுங்கள். தோட்டத்துப் புத்தகம் வேறு வழக்கத்தைப் பின்பற்றக்கூடும். மாதக் கூட்டுத்தொகையில் அதனால் பெரிய வேறுபாடு வராது. நாளாந்த ஒப்பீடு செய்வதாயின் மட்டும் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மழைப்புத்தகம் கிடைக்கவில்லையெனில், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆண்டுப் புள்ளிவிபரத் தொகுப்பில் நுவரெலியா, பதுளை உள்ளிட்ட நிலையங்களின் மழைவீழ்ச்சி கிடைக்கும். எனினும் பக்கத்துத் தோட்டத்தின் எண்களுக்கு அது முழு மாற்றாகாது.

மண்சரிவைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை அறிந்த பிரதேசத்தில் இக்கேள்வி எழாமல் இராது. 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்பவை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னெச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் பொதுவான எல்லைகளாகும். அவற்றை வகுப்புச் சுவரில் எழுதலாம். ஆனால் போத்தல் மழைமானியில் குறைந்த எண் இருக்கிறது என்பதற்காக அதிகாரபூர்வ எச்சரிக்கையைப் புறக்கணிக்கக்கூடாது என்பதை அத்தோடு எழுதுங்கள்.

நீர் நிற்கும் கலனைப் பாடசாலை வளவில் வைத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெங்கு நுளம்பைக் காரணம் காட்டி ஆட்சேபிப்பார் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த அச்சம் நியாயமானதே. ஒவ்வொரு நாளும் அளந்தபின் முழுமையாக ஊற்றிவிடுங்கள். சனி, ஞாயிறு, போயா நாட்களில் அருகிலுள்ள லயன்களில் வசிக்கும் மாணவர்களுக்கு முறைவைத்துப் பொறுப்புக் கொடுக்கலாம். அது இயலாவிட்டால் திங்களன்று சேர்ந்திருப்பதை மூன்று நாட்களின் மொத்தம் என்று குறித்து எழுதுங்கள், மூன்றால் வகுக்க வேண்டாம். தவணை விடுமுறை தொடங்கும் நாளில் புனலைக் கழற்றி, கலனைக் கவிழ்த்து உள்ளே எடுத்து வையுங்கள். அந்நாட்களுக்கு எதிரே கோடு இடுங்கள், பூச்சியம் எழுதவேண்டாம்: பூச்சியம் எழுதினால் மழை பெய்யவில்லை என்று பொருள், கோடு இட்டால் அளக்கவில்லை என்று பொருள், பின்னர் சராசரி காண்பவர் இரண்டையும் வேறுபடுத்தி அறிய வேண்டும்.