தாளில் இருக்கும் ஃபோன் நம்பர் சிகிச்சை ஆகாது: கறுப்பினப் பெண்களுக்கான மனநலப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மனநலச் சிகிச்சை கிடைக்கச் செய்யும் வேலைக்குப் புதிதாக வரும் நர்சுகளும் சமூகப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் முழு மனதோடுதான் வருகிறார்கள். ஆனாலும் முன்னால் வந்தவர்கள் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் விழுகிறார்கள். மரியாதையாகப் பேசு, பெயரைச் சரியாகச் சொல் என்பதையெல்லாம் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. நல்லது செய்வதாக நினைத்தே அந்தப் பெண்ணைச் சிகிச்சையிலிருந்து விலக்கிவிடும் தவறுகள்தான் இங்கே.

பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவது

பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரப் பரிசோதனை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ வினாத்தாளின் 10 கேள்விகளுக்கும் பதில் எழுதிக் கொடுக்கிறார் தாய். 30-க்கு 14. பல இடங்களில் 10 வந்தாலே கவனிப்பார்கள். 13-க்கு மேல் போனால் மனச்சோர்வுக்கான வாய்ப்பு அதிகம். நர்ஸ் அன்பாகப் பேசிவிட்டு, எட்டு ஆலோசகர்களின் நம்பர் உள்ள ஜெராக்ஸ் தாளை நீட்டுகிறார். கோப்பில் ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்று ஏறிவிடுகிறது. தாள் டயப்பர் பைக்குள் போகிறது.

வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டால் முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. அடுத்தவர் புது ஆட்களை எடுப்பதில்லை. மூன்றாமவர் அந்தக் காப்பீட்டை ஏற்பதில்லை. நான்காவது, வாய்ஸ்மெயில். 2023-இல் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு ஊழியர்கள், மெடிகேர் அட்வான்டேஜ் காப்பீடுகளின் பட்டியல்களில் இருந்த 120 மனநல நம்பர்களை அழைத்துப் பார்த்தார்கள். 18 சதவீதத்தில்தான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. அது பெரும்பாலும் முதியோருக்கான காப்பீடுதான். ஆனால் யாரும் சரிபார்க்காத பட்டியல் எங்கே இருந்தாலும் இப்படித்தான் கெட்டுப்போகும்.

வாய்ஸ்மெயிலில் இன்னொரு தடையும் இருக்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நியூயார்க் நகரின் 320 சிகிச்சையாளர்களுக்கு வாய்ஸ்மெயில் விட்டார்கள். அழைத்த குரல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே காப்பீடு. கேட்டது வார நாளில் மாலை நேரம். மாறியது பெயரும் பேச்சு நடையும் மட்டுமே. நடுத்தர வர்க்க வெள்ளையராகக் கேட்ட குரல்களில் 28 சதவீதத்துக்கு நேரம் கிடைத்தது. அதே வர்க்கக் கறுப்பினக் குரல்களில் 17 சதவீதத்துக்கு.

பதிலே வராத பெண் இரண்டாவது வாரம் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். மூன்று மாதம் கழித்து அவருடைய கோப்பில் ‘சிகிச்சையில் ஆர்வம் காட்டவில்லை’ என்று எழுதுகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் ஆறாத எரிச்சல் தரும் வரி இது. அவர் நான்கு பேரை அழைத்தார். ஆர்வம் காட்டாதது யார்?

செய்ய வேண்டியது இது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் மாதம் ஒருமுறை நீங்களே அழைத்துக் கேளுங்கள்: புதியவர்களை எடுக்கிறார்களா, மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) ஏற்பார்களா, முதல் சந்திப்புக்கு எத்தனை நாள் ஆகும், மாலை நேரம் உண்டா. ஆன்லைன் சிகிச்சை என்றால், அந்த நேரத்தில் பெண் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அங்கே சிகிச்சை தரும் உரிமை சிகிச்சையாளருக்கு இருக்க வேண்டும். இதை மறந்து முதல் நாளே ரத்தான சந்திப்புகள் ஏராளம்.

பிறகு, பெண் அறையில் இருக்கும்போதே ஸ்பீக்கரில் அழையுங்கள். கிளினிக் பெயரைச் சொல்லி நீங்கள் தொடங்கி, அவரைப் பேச விடுங்கள். கிளம்பும்போது தேதியும் நேரமும் அவர் கையில் இருக்க வேண்டும். சந்திப்புக்கு முந்தைய நாள் ஓர் அழைப்பு; மறுநாள் ‘உங்களுக்கு ஒத்துவந்ததா?’ என்று இன்னொன்று. ஒத்துவரவில்லை என்றால் தயங்காமல் அடுத்தவரைப் பாருங்கள்.

காப்பீட்டுக்குள் யாருமே கிடைக்காவிட்டால், யாரை எந்தத் தேதியில் அழைத்தீர்கள், என்ன பதில் வந்தது என்ற குறிப்புகளோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். காப்பீட்டுப் பட்டியலுக்கு வெளியே இருப்பவரிடம், பட்டியலில் உள்ளவருக்கான கட்டணத்திலேயே சிகிச்சை பெற விதிவிலக்கு கேட்கலாம். குறிப்பு இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் மறுப்புத்தான் வரும்.

கறுப்பின ஆலோசகர் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்வது

கறுப்பின ஆலோசகர்தான் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டால் தேடுவது உங்கள் கடமை. ஆனால் நாட்டின் உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் சுமார் 5 சதவீதம்தான். காத்திருக்கும் வாரங்களுக்கு வேறொருவரை ஏற்பாடு செய்யுங்கள், அவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: “வேலையிடத்தில் நடக்கும் இனப்பாகுபாட்டைப் பற்றி உங்களிடம் வருபவர் பேசினால் என்ன செய்வீர்கள்?” தடுமாறாமல் பதில் சொல்பவர் போதும். இன்னொன்று: மயாமியின் ஹைட்டிப் பெண்ணும் மினியாபொலிஸின் சோமாலிப் பெண்ணும் ஜார்ஜியாவின் பாப்டிஸ்ட் பாட்டியும் ஒரே பண்பாட்டுக்காரர்கள் அல்லர். நிறம் பொருந்தியதால் எல்லாம் பொருந்திவிடாது.

“நீங்க ரொம்ப ஸ்ட்ராங்” என்பது

சொல்லாதீர்கள்.

‘சமாளிச்சுக்குவேன்’ என்பதை அப்படியே எழுதிக்கொள்வது

வலிமையைக் காட்டியே ஆக வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், பிறருக்கு உதவியே தீர வேண்டும் என்ற சுமையை ஆய்வாளர் ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே 2010-இல் ‘சூப்பர்வுமன்’ வார்ப்பு என்று விளக்கினார். இந்தச் சுமையோடு வருபவரிடம் ‘சோகமாக இருக்கிறீர்களா?’ என்றால் ‘இல்லை’ என்றுதான் வரும். தலைவலி, தூக்கம் கெடுவது, சட்டென்று வரும் கோபம் என்று கேளுங்கள். “போன வாரம் எப்போது சும்மா உட்கார்ந்தீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள்.

அவநம்பிக்கையை நோய்க்குறி என்று பதிவது

தப்பி ஓடும் அடிமைக்கு மனநோய் என்று 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் பெயர் வைத்த நாடு அது. 1840-களில் அலபாமாவில் அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்து தராமலே அறுவை செய்தார் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர். இதெல்லாம் தெரிந்தவர் உங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது நோய் அல்ல. கறுப்பினத்தவருக்கு ஸ்கிட்ஸோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) என்ற முத்திரை மிகையாகக் குத்தப்படுவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. முடிவு கட்டும் முன் மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5-இன் பண்பாட்டு நேர்காணலில் உள்ள 16 கேள்விகளையாவது கேளுங்கள்.

ஜெபமா, சிகிச்சையா என்று கேட்பது

இரண்டும் இருக்கட்டும்.

குழந்தையைப் பற்றி எச்சரிக்காமல் கேட்பது

‘குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றுகிறதா?’ என்ற கேள்வி வந்ததும் பல தாய்மார்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சம் அது. கறுப்பினக் குடும்பங்கள் மீது குழந்தை நல அதிகாரிகளின் விசாரணை அதிகம் பாய்வதால் அதற்கு ஆதாரமும் உண்டு. எதைச் சொன்னால் நீங்கள் மேலே தெரிவித்தாக வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைக் கேள்விக்கு முன்பே விளக்குங்கள். வேண்டாத பயங்கர எண்ணங்கள் வந்து தாயே மிரள்வது பிரசவத்துக்குப் பின் சகஜம். யாரோ கட்டளையிடுவதாகக் குரல் கேட்டால் நிலைமை வேறு. அன்றே அவசரப் பிரிவு.

988-ஐ மட்டும் எழுதிக் கொடுப்பது

2022 ஜூலையிலிருந்து இயங்கும் நெருக்கடி உதவி எண் இது. போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்தே பலர் அழைப்பதில்லை. பெரும்பாலான அழைப்புகள் பேச்சிலேயே முடிகின்றன என்பதைச் சொல்லுங்கள். தாய்மாருக்கென்று 1-833-852-6262 இரவும் பகலும் இருக்கிறது. இரண்டையும் அவருடைய ஃபோனில் அங்கேயே சேமித்துக் கொடுங்கள். தாளில் வேண்டாம்.