2^67 − 1: பெரிய பகு எண்ணை அலசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

147573952589676412927. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண். 1644-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் மெர்சென் இதைத் தன் பகா எண் பட்டியலில் சேர்த்தார். அது பகு எண் என்று 1876-இல் லூக்கா நிரூபித்தார். 193707721 × 761838257287 என்று காரணிகளைக் கோல் காட்டியது 1903-இல்தான். பகு எண் என்று தெரிவது வேறு, காரணி கிடைப்பது வேறு. இங்கே நடுவில் 27 ஆண்டுகள். இரண்டையும் ஒன்றாக எண்ணுபவர்கள் இன்றும் உண்டு.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தால் வருவதும் பகா எண்தான் என்பது அதைவிடப் பழைய தவறு. 11 பகா எண்தான்; ஆனால் 2^11 − 1 = 2047 = 23 × 89.

கணினியில் சறுக்கல் எண்ணை உள்ளிடும்போதே தொடங்கிவிடும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. கணினி தசம எண்களை வைக்கும் டபுள் வகை மிதவைப் புள்ளியில் 53 பிட்தான் இடம். நம் எண்ணுக்கு 67 பிட் வேண்டும். அது 2^67 ஆக முழுமையாக்கப்பட்டுவிடும், 2 ஒரு காரணி என்று நிரலும் கூசாமல் சொல்லும். பைத்தானின் முழு எண்கள் இதைத் தாங்கும். ஆனால் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் விடை மிதவைப் புள்ளிக்குத் தாவிவிடும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.

இனி, பலரையும் ஏமாற்றும் இடம். ஃபெர்மா சோதனைப்படி, பகா எண் என்றால் 2-ஐ (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். இங்கேயும் 1 வருகிறது! 2^67-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. நம் எண்ணில் ஒன்று குறைத்தால் கிடைக்கும் 2^67 − 2, 67-இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்தே தீரும். அடிமானம் (அடுக்குக்கு உயர்த்தப்படும் எண்) 2 என்றால், அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் பகா எண் சோதனையும் இதே காரணத்தால் ஏமாறும். அடிமானத்தை 3 ஆக்குங்கள், குட்டு உடைந்துவிடும்.

காரணி தேட 3, 5, 7 என்று வரிசையாக வகுப்பது வீண். வர்க்கமூலமே சுமார் 1,214.8 கோடி. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவும் 134க + 1 வடிவில்தான் இருக்கும் (க ஒரு முழு எண்). அந்தக் காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. சிறிய காரணி க = 1445580-இல் அகப்படும். நிபந்தனைக்குள் அடங்குபவை பாதிதான் என்பதால் சுமார் 7.2 லட்சம் வகுத்தல்கள் போதும்.

இதையும் விடக் குறுக்கு வழி பொல்லார்ட் 1974-இல் தந்தது. 3000-க்கு உட்பட்ட பகா எண்கள், அவற்றின் அடுக்குகள் (4, 8, 9 போன்றவை) அனைத்துக்கும் 3-ஐ அடுத்தடுத்து உயர்த்தி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றைக் கழித்து, நம் எண்ணுடன் மீப்பெரு பொதுக் காரணி காண வேண்டும். சிறிய காரணியில் ஒன்று குறைத்தால் வரும் 193707720 = 2^3 × 3^3 × 5 × 67 × 2677, எல்லாம் 3000-க்குள் என்பதால் சிறிய காரணி உடனே விழும். இரண்டு பொறிகள் உண்டு. அடிமானமாக 2-ஐ எடுத்தால், 67 வந்த கணமே இரண்டு காரணிகளும் சேர்ந்து மாட்டி, விடையாக முழு எண்ணே திரும்பி வரும். வரம்பைத் தாராளமாக 10,000 என்று வைத்தாலும் அதே கதிதான்: மற்றக் காரணியில் ஒன்று குறைத்தால் 2 × 3^2 × 29 × 67 × 2551 × 8539, அதுவும் வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. மீப்பெரு பொதுக் காரணியைக் கடைசிவரை தள்ளிப்போடாமல் இடையிடையே பார்த்துக்கொண்டே போங்கள்.

காரணி கிடைத்தபின் ஆய்லர் சார்பை (எண்ணைவிடச் சிறிய, அதனோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்களின் எண்ணிக்கை) கணக்கிடும்போது பகா எண்ணுக்குரிய பழக்கத்தில் 'எண் − 1' என்று எழுதிவிடுவார்கள். சரியான வழி 193707720 × 761838257286, விடை 147573951827644447920. முதல் எட்டு இலக்கங்கள் நம் எண்ணோடு ஒத்துப்போவதால், மேலோட்டமாகப் பார்த்தால் பிழை கண்ணில் படாது.