மன்னிப்புக் கடிதம் எழுதும் முன்: இங்கிலாந்துக்குப் படிக்கப் போன நம் மலைப் பிள்ளைகளுக்கு

போன ஜனவரியில், உறைபனி விழுந்து தாழ்வான தோட்டங்களில் தேயிலை நுனியெல்லாம் கருகிக் கிடந்த வாரம், கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு அண்ணன் காலையிலேயே வந்து கதவைத் தட்டினார். கையில் டானிங்டன் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்த இரண்டு தாள், பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக. இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்கும் அவர் மகளுக்குப் பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதம் அது. அவள் கொடுத்த அசைன்மென்ட்டும் இன்னொரு மாணவியுடையதும் பாதிக்கு மேல் ஒன்றுபோல இருக்கின்றன, விளக்கம் கேட்க இன்ன தேதியில் கூட்டம் என்று எழுதியிருந்தது. "பொண்ணு ராத்திரியெல்லாம் அழுதுகிட்டே இருக்கா. அந்த வாத்தியார்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசட்டுமா? இல்ல ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டா விட்டுடுவாங்கல்ல?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஊட்டியோ குன்னூரோ கீழே கோயம்புத்தூரோ, எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் நமக்குப் பழகிய வழி அதுதான். துறைத்தலைவர் கூப்பிடுவார், "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பார், அப்பா வந்து கைகட்டி நிற்பார், "தெரிந்தே தவறு செய்துவிட்டேன், இனி இப்படி நடக்காது, இந்த ஒருமுறை மன்னித்துவிடுங்கள்" என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வார்கள், சாயங்காலத்துக்குள் விஷயம் முடிந்துவிடும். அந்தத் தாளை யாரும் திரும்பப் படிப்பதில்லை.

அங்கே படிப்பார்கள். இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். நானும் அங்கே முதுகலை படித்தேன், முதல் பருவத்தில் ஒரு கட்டுரையில் என் இளங்கலை புராஜெக்ட்டிலிருந்து மூன்று பத்தியை எடுத்து அப்படியே போட்டேன். நான் எழுதியதுதானே என்று நினைத்தேன், ஏற்கெனவே மதிப்பெண் வாங்கிய சொந்த எழுத்தைச் சொல்லாமல் மறுபடி கொடுப்பதும் அங்கே குற்றம் என்று தெரியாது. கடிதம் வந்ததும் பயந்துபோய், அதே பழைய வாய்பாட்டை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன், 'தெரிந்தே' என்ற சொல்லோடு. விசாரணைக் குழு அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. தெரியாமல் செய்திருந்தால் எச்சரிக்கையோடு போயிருக்கக்கூடியது, வேண்டுமென்றே செய்தது என்று பதிவாகி, கட்டுரைக்குப் பூஜ்யம் போட்டு, மறுபடி எழுதினாலும் 50-க்கு மேல் கிடையாது என்று முடிந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, நான் எழுதியதை அவர்கள் எழுதியபடியே எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடிதம் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அதனால் புதிதாகப் போயிருப்பவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் எழுதாதீர்கள், ஆனால் அன்றைக்கே முழுதாகப் படியுங்கள். என்ன குற்றச்சாட்டு, எந்த விதிப்படி, எந்தத் தேதிக்குள் பதில், கூட்டத்துக்கு யாரைக் கூட அழைத்து வரலாம் என்ற நாலும் அதில் இருக்கும். அப்புறம் நேராக மாணவர் சங்கத்தின் ஆலோசகரிடம் போங்கள். சங்கம் என்றதும் கொடி, தேர்தல் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஸ்டூடண்ட்ஸ் யூனியனில் இந்த மாதிரி விவகாரங்களுக்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருப்பார்கள், பல்கலைக்கழக நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல, காசு வாங்க மாட்டார்கள். உங்கள் பதிலைப் படித்துத் திருத்திக் கொடுப்பார்கள், பெரும்பாலான இடங்களில் கூட்டத்துக்கும் கூட வந்து உட்காருவார்கள்.

கடிதம் வந்துவிட்டதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. டர்னிடின் என்ற மென்பொருள் 30 சதவீதம், 40 சதவீதம் என்று ஒரு எண் காட்டும். அது ஒற்றுமையின் அளவு மட்டும்தான். மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அந்த எண்ணில் சேர்ந்து வரலாம், அதனால் ஆசிரியர் ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதே சமயம் அங்கே விசாரணை நம்மூர்க் கோர்ட்டில் கொலை வழக்கு நடத்துவது போலவும் இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோல் கிடையாது, நடந்திருக்கவில்லை என்பதைவிட நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று குழுவுக்குத் தோன்றினாலே போதும். எனவே உங்கள் பக்கம் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான் பேச்சு.

நம் வீட்டுப் பெரியவர்கள் பச்சைத் தேயிலையை எடை போட்டுக் கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்காமல் நகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மழை நாளில் ஈரத்துக்கென்று எத்தனை கிலோ கழித்தார்கள் என்பது சீட்டில் இருந்தால்தான் மாதக் கடைசியில் கணக்குக் கேட்க முடியும். அதே பழக்கத்தை அசைன்மென்ட்டுக்கும் கொண்டு வாருங்கள். கூகுள் டாக்ஸிலோ வேர்டிலோ ஆன்லைனில் சேமித்து எழுதினால் எந்த நாள் எந்த மணிக்கு எந்த வரி எழுதினீர்கள் என்ற வரலாறு தானாகச் சேரும், அதை அழிக்காதீர்கள். கையால் எழுதிய குறிப்பு, நூலகத்தில் எடுத்த புத்தகம், ஆசிரியருக்கு அனுப்பிய மெயில் எல்லாம் மதிப்பெண் வரும்வரை இருக்கட்டும். சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், ஒரு பாடத்தில் அனுமதித்தது அடுத்ததில் குற்றமாக இருக்கும், ஆகவே ஒவ்வொரு அசைன்மென்ட் தாளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது திருடி அல்ல, உதவி செய்து. ஒரே வீட்டில் நாலு பேர் தங்கியிருப்பார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல், நாளைக்குக் கடைசி நாள், "உன்னோடதைக் கொஞ்சம் அனுப்புடி, பார்த்துட்டுத் தர்றேன்" என்பாள். அனுப்பாமல் இருக்க நமக்கு மனசு வராது. அந்த அண்ணன் மகளுக்கும் நடந்தது இதுவேதான். எடுத்தவள், கொடுத்தவள் இரண்டு பேருக்கும் கடிதம் வரும், இதற்குக் கூட்டாகச் செய்த முறைகேடு என்று பெயர். காய்ச்சல் வந்தவளுக்கு உண்மையான உதவி, அவகாசம் கேட்கும் படிவத்தை அவளோடு உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பது. அவகாசம் கேட்கத் தனி வழிமுறை அங்கே இருக்கிறது, நோய்க்காகக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதைவிட மோசமான ஒரு பள்ளம், வாட்ஸ்அப் குழுக்களில் 'அசைன்மென்ட் ஹெல்ப்' என்று வரும் விளம்பரம். காசுக்குக் கட்டுரை எழுதித் தரும் தொழிலையும் அதற்கு விளம்பரம் செய்வதையும் இங்கிலாந்தில் 2022-ல் ஒரு சட்டம் குற்றமாக்கிவிட்டது. வாங்கும் மாணவர் மேல் பல்கலைக்கழக விதி பாயும், பெரும்பாலும் வெளியேற்றம் வரை போகும். அதோடு போகாது, எழுதிக் கொடுத்தவனே பிறகு "இவ்வளவு அனுப்பு, இல்லாவிட்டால் உன் யுனிவர்சிட்டிக்குச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டுவதும் நடக்கிறது. ஏற்கெனவே அந்த வலையில் விழுந்துவிட்டீர்கள் என்றால் இரண்டாவது முறை காசு அனுப்பாதீர்கள், யூனியன் ஆலோசகரிடம் போய்ச் சொல்லுங்கள்.

படிப்பைத் தாண்டிய நடத்தை விதிகளும் இருக்கின்றன, சேரும்போது ஆன்லைனில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் செய்தீர்களே, அதற்குள்தான். சத்தம், கஞ்சா, பிறர் அட்டையைப் பயன்படுத்தி உள்ளே நுழைவது, வளாகத்துக்கு வெளியே நடப்பது, போனில் அனுப்பும் செய்தி எல்லாமே அதில் அடங்கும். நம்மவர்கள் தெரியாமல் செய்யும் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். விடுதிச் சமையலறையில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும்போது, மிளகாய் கிள்ளிப் போட்ட கையோடு புகை அலாரம் அலறும், மொத்தக் கட்டடமும் இரவு உடையோடு குளிரில் போய் நிற்கும். இரண்டு முறை இப்படி ஆனதும் யாரோ ஒருவர் நல்ல யோசனை என்று அந்தக் கருவிக்கு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுவார். அதைச் செய்யவே செய்யாதீர்கள். தீ எச்சரிக்கைக் கருவியை மூடுவது விடுதியில் மிகக் கடுமையாகப் பார்க்கும் குற்றங்களில் ஒன்று, அபராதத்தோடு நடத்தை விசாரணையும் வரும். கதவை மூடி, மேலே காற்று உறிஞ்சும் விசிறியைப் போட்டு, சட்டியை அதிகம் காயவிடாமல் தாளியுங்கள். சமையலறைக் கதவை நடைபாதைப் பக்கம் திறந்து வைத்தால் அங்கிருக்கும் கருவி புகையை எடுத்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னது உங்கள் மேல் புகார் வந்தால். உங்களுக்கு ஒருவர் தீங்கு செய்தால் என்ன என்பதை இன்னும் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். இங்கே கல்லூரியில் சேரும்போது ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுத்திருப்பீர்கள், அப்பா அம்மாவும் கொடுத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் 1997-லேயே வந்தது. அங்கே ராகிங் என்ற சொல் அதிகம் புழங்காது, ஆனால் சீனியர் ஒருவர் வாடகை வீட்டில் உங்களைத் துணி துவைக்கச் சொல்வதும், சாதி கேட்டுப் பேசுவதும், நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வதும், வேண்டாம் என்ற பிறகும் தொடுவதும் அந்த நடத்தை விதிகளுக்குள் வரும். செய்தவர் நம்மூர்க்காரராக இருந்தாலும் வரும்.

முக்கியமான ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். நடந்ததைச் சொல்வது வேறு, புகார் கொடுப்பது வேறு. ஆலோசகர் ஒருவரிடம் சொன்னீர்கள் என்பதால் மட்டும் விசாரணை ஆரம்பித்துவிடாது. விடுதி மாற்றம், மனநல உதவி, தேர்வுக்கு அவகாசம் இவற்றையெல்லாம் முறைப்படி புகார் கொடுக்காமலே கேட்கலாம். உங்களுக்கோ பிறருக்கோ பெரிய ஆபத்து என்றால் நீங்கள் வேண்டாம் என்றாலும் அவர்கள் மற்றவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் ஆன்லைன் படிவம் இருக்கிறது, பெயரோடும் சொல்லலாம், பெயரில்லாமலும் சொல்லலாம். பெயரில்லாமல் சொன்னால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் சேரும், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் மேல் நடவடிக்கை எடுப்பது பெரும்பாலும் முடியாது. பெயரோடு புகார் கொடுத்தால் எதிர்த் தரப்புக்கும் விவரம் போகும், அவருக்கும் பதில் சொல்ல உரிமை உண்டு. விசாரணை முடியும்வரை அவர் உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது, வேறு விடுதிக்குப் போக வேண்டும் என்று இடைக்கால ஏற்பாடு கேளுங்கள்.

போலீஸ் தனி வழி. அவசரம் என்றால் 999, அவசரமில்லாததற்கு 101. பாலியல் வன்முறை என்றால் அதற்கென்றே சிறப்பு மருத்துவ மையங்கள் இருக்கின்றன, போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்காமலே அங்கே போய்ச் சிகிச்சை பெறலாம், தடயங்களை எடுத்துப் பாதுகாத்து வைக்கச் சொல்லலாம். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களைக் கண்காணிக்கும் 'ஆபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ்' கொண்டுவந்த விதி 2025 ஆகஸ்ட் 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. துன்புறுத்தல், பாலியல் அத்துமீறல் பற்றி எப்படிப் புகார் சொல்வது, என்ன உதவி கிடைக்கும் என்ற விவரத்தை ஒரே இடத்தில், எளிதில் கிடைக்கும்படி பல்கலைக்கழகங்கள் வெளியிட வேண்டும். நடந்ததை வெளியே பேசக் கூடாது என்று உங்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கவும் கூடாது.

முடிவு சரியில்லை என்று பட்டால் மேல்முறையீடு உண்டு, நாள் கணக்கு மிகக் குறைவு, பல இடங்களில் இரண்டு மூன்று வாரத்துக்குள். அதுவும் முடிந்த பிறகு 'கம்ப்ளீஷன் ஆஃப் புரொசீஜர்ஸ்' என்று ஒரு கடிதம் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள், பல்கலைக்கழகத்துக்குள் எல்லா வழியும் முடிந்தது என்பதற்கு அதுதான் சீட்டு. அது வந்த 12 மாதத்துக்குள் மாணவர் புகார்களைப் பார்க்கும் ஓ.ஐ.ஏ. என்ற சுயேச்சையான அமைப்புக்குப் போகலாம், மாணவருக்குக் கட்டணம் இல்லை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அது, ஸ்காட்லாந்துக்கு வேறு. நடைமுறை நியாயமாக இருந்ததா என்று பார்ப்பார்கள், உங்கள் கட்டுரைக்கு 62 போட்டிருக்க வேண்டுமா 55 போட்டிருக்க வேண்டுமா என்பதில் தலையிட மாட்டார்கள்.

விசா பயம் எல்லோருக்கும் உண்டு, அந்தப் பயத்தில்தான் பலரும் கடிதத்தைத் திறக்காமலே வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கையோ மதிப்பெண் குறைப்போ விசாவை நேரடியாகத் தொடாது. படிப்பை விட்டு நீக்கினால் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், அப்போது விசா போகும். ஒரு பாடத்தில் தோற்று அடுத்த ஆண்டு எழுத வேண்டி வந்தாலும் விசா தேதியைப் பார்க்க வேண்டியிருக்கும், அதை வெளி ஏஜென்டிடம் கேட்காமல் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலேயே கேளுங்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் போன் செய்தால் பல்கலைக்கழகம் எதுவும் சொல்லாது. பிள்ளை சம்மதம் தராமல் அவர்கள் பிள்ளையின் விவரத்தை உங்களிடம் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள், தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் சட்டம் அப்படி, அவமதிப்பு அல்ல. நீங்கள் செய்யக்கூடியது, அழும் பிள்ளையிடம் "யார்கிட்ட பேசினே, எந்தத் தேதிக்குள்ள பதில்" என்று கேட்பதுதான்.

அந்த அண்ணனிடமும் அதையே சொன்னேன். மகளுக்கு எங்கள் வீட்டிலிருந்தே போன் போட்டோம். மன்னிப்புக் கடிதத்தை ஏற்கெனவே பாதி எழுதி வைத்திருந்தாள், அனுப்பவில்லை. மறுநாள் யூனியனுக்குப் போனாள், கூகுள் டாக்ஸ் வரலாற்றை எடுத்தாள், நான்தான் எழுதினேன், தோழிக்கு அனுப்பியது தவறு, அனுப்பினால் குற்றம் என்று அப்போது தெரியாது என்று உண்மையை உள்ளபடி எழுதினாள். எழுத்துப்பூர்வ எச்சரிக்கையோடு முடிந்தது, மதிப்பெண் அப்படியே நின்றது.

போன வாரம் அதே அண்ணன், செப்டம்பரில் கிளம்பப் போகும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெட்டி, கம்பளிச் சட்டை, ஊறுகாய் எல்லாம் தயார். பல்கலைக்கழகம் கொடுத்த மெயிலில் மட்டும் தம்பி இன்னும் ஒருமுறைகூட உள்ளே போய்ப் பார்க்கவில்லை. டீ ஆறுவதற்குள் அவன் போனில் அதைத்தான் முதலில் போட்டுக் கொடுத்தோம், படிக்காத கடிதம் பதினேழு இருந்தது.