உப்புக்கண்டம்: வெயிலை நம்பிக் கறியைக் கெடுக்காதீர்கள்

சித்திரை பிறந்தால் வேலூர் மொட்டைமாடிகளில் வடகத்தோடு, உப்பு தடவிய கறித்துண்டுகளான உப்புக்கண்டமும் காயும். ஈ மொய்க்காமல் வலைத்துணி போடுவது, கொழுப்பை நீக்குவது எல்லாம் அனைவருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேலே காய்ந்ததும் எடுத்து வைப்பது

ஆண்டுதோறும் என்னை எரிச்சலூட்டும் தவறு இது. போன கோடையில் நாத்தனார் மகள் காட்பாடியிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். "இரண்டே நாளில் கல்லாகிவிட்டது அத்தை, நம் ஊர் வெயிலா கொக்கா!" என்றாள். தடிமனான துண்டு ஒன்றை எடுத்து ஒடித்தேன். ஒடியவில்லை, வளைந்தது. பிய்த்துப் பார்த்தால் நடுவில் கருஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று ஈரம், கூடவே புளித்த வாடை. ஒன்றரைக் கிலோ தொடைக்கறியும் குப்பைக்குப் போனது. வறுத்துவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டாள். ஆகாது. கிருமிகள் விட்டுச்செல்லும் சில நச்சுகள் எண்ணெய்ச் சூட்டிலும் அழிவதில்லை.

நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலில் தடித்த துண்டின் மேற்புறம் சட்டென்று இறுகி, உள்ளேயிருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவிடும். ஆகவே விரல் கனத்துக்கும் குறைவாக, நீளவாக்கில் அரியுங்கள். கல்லுப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசறி, இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் ஊறவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் கோணி ஊசியால் கோத்துக் கட்டுங்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. இருப்பதிலேயே தடித்த துண்டு படக்கென்று ஒடிகிற வரை, எத்தனை நாளானாலும் காயட்டும்.

பிறகு வெள்ளையாகப் பூத்தால் சுரண்டிப் பாருங்கள். நறநறவென்று உதிர்ந்தால் உப்பு. பஞ்சுபோல் இழைந்தால் பூஞ்சை, மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

முழுத் தொடையைத் தொங்கவிடுவது

வேண்டாம். இத்தாலியின் பார்மாவில் பன்றித்தொடையை உப்பிட்டுக் குளிரில் வைத்து, ஓராண்டுக்கும் மேல் பதப்படுத்துகிறார்கள். நம் வெயிலில் எலும்பை ஒட்டியே அழுகிவிடும்.

குழம்பில் முதலிலேயே உப்புப் போடுவது

கண்டத்தை வெந்நீரில் ஊறவைத்து அலசி, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயோடு வேகவிட்டு, ருசி பார்த்த பிறகே உப்பு.

புரதம் என்று அள்ளித் தின்பது

நீர் வற்றுவதால் புரதம் செறிவது உண்மைதான். உப்பும் அப்படியே கூடுகிறது. நாளொன்றுக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியை அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்ள எப்போதாவது இரண்டு துண்டு போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம்.