ஃபாக் லேம்ப்புக்கு ரிலே வைத்து ஒயரிங் செய்வது எப்படி?

கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பனிமூட்டத்தில் கார் ஓட்டியவர்களுக்கு ஃபாக் லேம்ப்பின் அருமை தெரியும். என் பழைய காரில் ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) வைக்காமல், டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே லைட்டுக்குக் கரண்ட் கொடுத்திருந்தார்கள். மலை ஏறும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பார்த்தால் சுவிட்ச் இளகிப் போயிருந்தது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். 55 வாட் பல்பு இரண்டு சேர்ந்தால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல் வரும். டேஷ்போர்டில் இருக்கும் சின்ன சுவிட்ச் அதைத் தாங்காது. ரிலேக்குள் இருந்து அதை இயக்கும் கம்பிச் சுருளான காயிலுக்கோ சுமார் 0.2 ஆம்பியர் போதும். அதனால் சுவிட்ச் காயிலை மட்டும் இயக்கட்டும். லைட்டின் கரண்ட்டை ரிலே சுமக்கட்டும்.

12 வோல்ட், 30 ஆம்பியர், நான்கு பின் ரிலே ஒன்றை சாக்கெட்டோடு வாங்குங்கள். 15 ஆம்பியர் ஃபியூஸும் ஹோல்டரும் வேண்டும். லைட்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், சுவிட்சுக்கு 0.75 போதும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். ரிலேயைப் பின்கள் கீழே பார்த்தபடி பொருத்தினால் தண்ணீர் தேங்காது.

30 என்று எழுதிய பின்னுக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர் வர வேண்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். இதில் மட்டும் சமரசமே வேண்டாம். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால், அதைத் தடுக்க எதுவும் இல்லை, நேராகத் தீதான்.

87-லிருந்து இரண்டு லைட்டின் பாசிட்டிவுக்கும் கொடுங்கள். லைட்டின் மற்ற ஒயரை, காரின் இரும்பு பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் எர்த்தாக முடுக்குங்கள் (பாடி பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்திருக்கும்). மங்கலாக எரியும் லைட்டுகளில் பலவற்றுக்கு எர்த்தில்தான் கோளாறு.

அப்புறம் 85-ஐ எர்த்துக்கும் 86-ஐ சுவிட்சுக்கும் இணையுங்கள். சுவிட்சுக்கான சப்ளையைப் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து எடுத்தால், அதை அணைக்கும்போது ஃபாக் லேம்ப்பும் சேர்ந்து அணையும். உள்ளே விளக்கு எரியும் சுவிட்ச் என்றால் மூன்றாவதாக ஓர் எர்த் முனை இருக்கும், அதையும் கொடுக்க வேண்டும். என்ஜின் பக்கமிருந்து உள்ளே ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் புஷ் போடாமல் விடாதீர்கள்.

கடையில் ஐந்து பின் ரிலே கொடுத்தால் நடுவில் 87ஏ இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். அதில் லைட்டைக் கொடுத்தால் சுவிட்ச் போடாமலே எரிந்து பேட்டரியைக் காலி செய்துவிடும்.

இப்போது நெகட்டிவை மாட்டி, பார்க்கிங் லைட்டைப் போட்டு, சுவிட்சைத் தட்டுங்கள். ரிலேயில் 'டிக்' சத்தம் வந்தும் லைட் எரியவில்லையா? ஃபியூஸ், 30, 87, லைட்டின் எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் 85, 86, சுவிட்ச் பக்கம் தேடுங்கள். எரிந்தால் பத்து நிமிடம் விட்டு ஃபியூஸ் ஹோல்டரையும் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். எங்காவது சுட்டால் அந்த இணைப்பு லூஸ்; பிரித்து மறுபடி இறுக்குங்கள்.